மோட்டார் ஹோமில் யூட்டா, வயோமிங்: இருவர் மட்டும் போனால் சரிவருமா?

கேள்வி: பிப்ரவரி 9, 2026

நானும் மனைவியும் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்டில் இருக்கிறோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வரும் செப்டம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மோட்டார் ஹோம், அதாவது படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்து சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேஸியர் தேசியப் பூங்காக்களையெல்லாம் இரண்டு வாரத்தில் பார்த்துத் திரும்ப எண்ணம். ஹோட்டல் செலவும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம் என்கிறார் நண்பர். மனைவிக்கு அவ்வளவு பெரிய வண்டி என்றாலே பயம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 9, இரவு

மிச்சமாகாது. அந்தக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் 25 அடி கிளாஸ் சி. ஓட்டுபவரின் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வகை. கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். 2,000 மைல் ஓட்டினால் 220 கேலன் போல ஆகும். கேலன் 4 டாலர் என்று வைத்தால் பெட்ரோலுக்கே 900 டாலர் பக்கம் வந்துவிடும். அதற்கு மேல் நாள் வாடகை, மைலுக்கு இத்தனை சென்ட், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இத்தனை டாலர், விரிப்பும் பாத்திரமும் வேண்டுமென்றால் அதற்குத் தனி, முகாம் இடத்துக்கு இரவுக் கட்டணம். நாலைந்து பேர் குடும்பமாகப் போனால் ஹோட்டலில் இரண்டு அறை மிச்சமாகும். இருவருக்கு ஒரு சின்னக் காரும் நடுத்தர விடுதியும்தான் மலிவு.

ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் போனதில் மனதில் தங்கியதெல்லாம் காலை ஆறு மணியும் மாலை ஏழு மணியும்தான். வெளியே தங்குபவர்கள் அந்த நேரத்தில் பூங்கா வாசலில் வரிசையில் நிற்பார்கள், இல்லையென்றால் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் உள்ளேயே இருப்பீர்கள், அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும்.

பிப்ரவரி 10

பாதையைப் பாதியாக வெட்டுங்கள். முதலில் கிளேஸியர். அங்கே எல்லாரும் போவது கோயிங் டு த சன் என்ற மலைச்சாலைக்காக. அவலாஞ்ச், ரைசிங் சன் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. உங்கள் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் மேலே போக வேண்டும். அதற்காக மொன்டானாவின் வட எல்லை வரை பெட்ரோல் எரிப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் ஆர்ச்சஸ். அதன் பக்கத்து ஊரான மோவாப் தனியாக ஒரு பயணத்துக்குக் காணும். அதையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு சயான், பிரைஸ், கேபிட்டல் ரீஃப், டீட்டன், யெல்லோஸ்டோன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் ஐந்து மணி நேரம் என்றால் மோட்டார் ஹோமில் ஏழு. ஒரு இடத்தில் இரண்டு இரவாவது தங்கவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது நெடுஞ்சாலையைத்தான்.

பிப்ரவரி 12

சயானைப் பற்றி ஒருவர் “15 டாலர் கட்டினால் ரேஞ்சர்கள் எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி நம்மைச் சுரங்கத்தில் விட்டுவிடுவார்கள், கவலையே இல்லை” என்று எழுதியிருக்கிறார். இதுவரை அப்படித்தான். 2026 ஜூன் 7 முதல் கிடையாது. செப்டம்பரில் போகிறவர்களுக்கு இது முக்கியம், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

சயானிலிருந்து கிழக்கே பிரைஸ் பக்கம் போகும் சாலையில் இருப்பது சயான் மவுண்ட் கார்மல் சுரங்கம், 1930-ல் திறந்தது, 1.1 மைல் நீளம். மேற்கூரை வளைவாக இருப்பதால் ஓரத்தில் உயரம் குறைவு. உயரமான வண்டி நடுக்கோட்டின் மேல்தான் ஓட முடியும், எதிரே யாரும் வரக் கூடாது. அதற்காகத்தான் ஒருவழி ஏற்பாடு. புது விதிப்படி 11 அடி 4 அங்குல உயரம், 7 அடி 10 அங்குல அகலம், 35 அடி 9 அங்குல நீளம், இதில் ஒன்று தாண்டினாலும் அந்தச் சாலையில் போக முடியாது. வாடகைக்கு விடும் கிளாஸ் சி எல்லாம் அகலத்திலேயே 8 அடியைத் தாண்டிவிடும்.

சயானை இதனால் விட வேண்டியதில்லை. தெற்கு வாசல் ஸ்பிரிங்டேல் பக்கம், அது எப்போதும்போல் திறந்திருக்கும். உள்ளே வாட்ச்மன் முகாமில் மின்சார வசதியுள்ள இடங்கள் உண்டு, ஜெனரேட்டர் போட அனுமதி இல்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குக்குள் பூங்காவின் ஷட்டிலில் போக வேண்டியதுதான். பிறகு பிரைஸ் போக ஹரிக்கேன் ஊர் வரை திரும்பி வந்து, யூட்டா 59, அரிசோனா 389 நெடுஞ்சாலைகள் வழியாக ஃப்ரடோனியா, கனாப், அங்கிருந்து 89-ல் வடக்கே.

சுற்றுதான், ஆனால் வழியில் பைப் ஸ்பிரிங் என்று ஒரு தேசியச் சின்னம் இருக்கிறது. நிறுத்துங்கள். கண்ணுக்கெட்டிய வரை வறண்ட நிலம், நடுவில் ஒரே ஒரு ஊற்று. பூர்வகுடிகளான கைபாப் பையூட் மக்களின் பூமி. 1870-களில் மார்மன்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் வந்து அந்த ஊற்றின் மேலேயே கல்கோட்டை கட்டிவிட்டார்கள். அரிசோனா பிரதேசத்தின் முதல் தந்தி நிலையம் அங்கேதான் வந்தது. தண்ணீரை யார் பிடித்தார்களோ அவர்களுக்கே ஊர் என்பது நின்று பார்த்தால் புரிந்துவிடும். நம் ஊரில் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடந்த வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 12, பின்னேரம்

இந்த வண்டி ஓட்டத் தனி உரிமம் வேண்டுமா என்று கேட்டிருந்த கேள்விக்கு: வேண்டாம். சாதாரணக் கார் உரிமம் போதும். 25 அடி வண்டி ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து 14,500 பவுண்டுக்குள்தான் இருக்கும், தனி உரிமத்தின் எல்லை 26,000.

பிப்ரவரி 14

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போகிறார்கள்.

“நான் ஓட்டிக்கொள்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்து இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பயம் அதிகம். அந்த இருக்கை வலது ஓரக் கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. வண்டி சரியாகத்தான் போகும், ஆனால் அவர் கண்ணுக்குப் பள்ளத்தில் விழப்போவதாகவே தெரியும். ஒரு மணி நேரம் அவரே ஓட்டினால் அந்தப் பயம் பாதி போய்விடும். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும், முதல் நாளே எழுதிவிடுங்கள்.

என் மனைவி வேகஸ் தாண்டி நேரான சாலை வந்ததும் எடுத்தாள். சில நாள் கழித்து யூட்டா 12-ல் போல்டர் மலை ஏறி டோரி என்ற ஊருக்கு இறங்கியது முழுக்க அவள் கையில்தான். அந்த மலைச்சாலை 9,600 அடி தொடும். இறக்கம் தொடங்கும் இடத்தில் கியர் தண்டின் நுனியிலிருக்கும் டோ ஹால் பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது, வண்டி தானே பின்னால் இழுத்துப் பிடித்தது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது, சூடேறிப் பிடிக்காமல் போகும். வேகம் கூடும்போது ஒருமுறை அழுத்தமாக மிதித்து 10 மைல் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிட வேண்டும், மறுபடி கூடினால் மறுபடி. கீழே வந்து நிறுத்தியதும் இறங்கிப்போய்ச் சக்கரத்துப் பக்கம் முகர்ந்து பார்த்தாள். கருகிய வாடை இல்லை. அதன் பிறகு மலை வந்தால் அவள்தான் ஓட்டினாள்.

இன்னும் இரண்டு. ஒன்று, பின்பக்கம். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி வெகு நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் நிலையங்களில் மஞ்சள் கம்பம் நட்டிருப்பது நம்மைப் போன்றவர்களால்தான். நேராக நாலடி முன்னால் போய்ப் பிறகு ஒடியுங்கள். இரண்டாவது, காற்று. வயோமிங்கில் ஐ-80 பக்கம் பலத்த காற்று எச்சரிக்கை பலகையில் வந்தால் வெளியேறி நிறுத்திவிடுங்கள். லாரி கடக்கும்போது முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். அதைத் திருத்தப்போய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது.

டீட்டன் போகும்போது ஐடஹோவிலிருந்து டீட்டன் பாஸ் வழியைத் தவிருங்கள், 10 சதவீத இறக்கம். ஆல்பைன் வழியாக ஸ்னேக் ஆற்றோரம் வரும் சாலை சாந்தமானது.

பிப்ரவரி 15

பின்னால் எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் இறங்கி ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் வண்டி நின்றாக வேண்டும், பேச்சே இல்லை. கத்துவதற்குப் பதில் இருவரும் போனில் பேசிக்கொள்ளுங்கள், முகாமே உங்களைத் திரும்பிப் பார்க்காது.

பிப்ரவரி 16

கழிவுத் தொட்டி. நம்மவர்கள் இதைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள். பத்து நிமிட வேலை.

இரண்டு தொட்டி. கழிப்பறைக்கு ஒன்று, குளியலுக்கும் பாத்திரம் கழுவும் தண்ணீருக்கும் இன்னொன்று. கையுறை போட்டுக்கொண்டு குழாயை முதலில் முகாமில் தரையிலிருக்கும் கழிவுத் துளையில் இறுக்கமாகச் செருகி, பிறகு வண்டியில் மாட்டித் திருகி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். சத்தம் குறைந்து சொட்டுச் சொட்டாக ஆனதும் மூடி, அடுத்ததைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் வந்து குழாயைத் தானே அலசிவிடும். வரிசையை மாற்றினால் குழாய் நாறும்.

கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் என்று முழு இணைப்பும் உள்ள இடத்தில் நிற்கும்போது கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடுவது சிலர் பழக்கம். வேண்டாம். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே இறுகிப்போகும். முக்கால் தொட்டி நிறையட்டும்.

குடிநீர் பிடிக்கும் குழாய் தனியாக, தள்ளி இருக்கும். அலசுவதற்கென்று துளை அருகிலேயே இருக்கும் குழாயில் குடிநீர் பிடித்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 18

சமையல். குக்கர் எடுத்துப்போங்கள். பிரைஸ் விளிம்பும் யெல்லோஸ்டோன் ஏரியும் ஏறக்குறைய 8,000 அடி உயரம், தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கரிலும் வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விட வேண்டியிருந்தது.

மாவு இரவில் புளிக்காது, அவ்வளவு குளிர். பகலில் ஓட்டும்போது என் மனைவி மூடியைத் துணியால் கட்டி, வெயில் விழும் பக்கம் சீட்டுக்குக் கீழே வைத்துவிடுவாள். சாயங்காலம் தோசைக்குத் தயார். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சி இங்கே ஓடாது. அமெரிக்க மிக்சி இருந்தாலும் ஜெனரேட்டர் போடாமல் அரைக்கக் கரண்ட் இணைப்புள்ள முகாம் வேண்டும், அதனால் அங்கே நிற்கும் நாளிலேயே சட்னி, மசாலா எல்லாம் அரைத்துவிடுங்கள். 30 ஆம்ப் இணைப்பு என்றால் ஏசியும் மைக்ரோவேவும் ஒரே சமயத்தில் வேண்டாம், ட்ரிப் ஆகும்.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே துண்டு மடித்து வைக்காவிட்டால் வண்டி கிளம்பியதும் கல்யாண மண்டபச் சமையற்கட்டுதான்.

பிப்ரவரி 21

சென்னையிலிருந்து வரப்போகும் தம்பதி பூங்கா நுழைவுக் கட்டணம் கேட்டிருந்தார்கள். 2026 ஜனவரி முதல் மாறிவிட்டது. எல்லாத் தேசியப் பூங்காவுக்கும் செல்லும் ஆண்டு அட்டை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குப் பழையபடி 80 டாலர். வெளிநாட்டவருக்கு 250. அட்டை இல்லாமல் வந்தால் 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொரு வெளிநாட்டவரும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர் கட்ட வேண்டும். சயான், பிரைஸ், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் நான்கும் அந்தப் பதினொன்றில் அடக்கம். இருவர் இரண்டு பூங்கா போனாலே கூடுதலாக 400 ஆகிவிடும், ஆகவே 250 அட்டைதான் சரி. கேபிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

விமானத்தில் இருந்து இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள். இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்கச் சாலை, 25 அடி, தூக்கக் கலக்கம் நாலும் சேரக் கூடாது. ஒரு இரவு ஹோட்டலில் தூங்கிவிட்டு எடுங்கள்.

பிப்ரவரி 22

நேரக் குழப்பம் பற்றி ஒருவர் எழுதியிருந்ததில் ஒரு திருத்தம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதற்குள் இருக்கும் நவஹோ பூர்வகுடிகளின் நிலம் மாற்றுகிறது, இது சரி. ஆனால் “ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலம், அதனால் நவஹோ நேரம்” என்பது தவறு. அங்கே சுற்றுலா நடத்துபவர்கள் பேஜ் ஊரின் நேரத்தைத்தான், அதாவது அரிசோனா நேரத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். மானுமென்ட் வேலியில் மட்டும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே 17 மைல் மண் சாலையில் மோட்டார் ஹோமை விட மாட்டார்கள், வழிகாட்டியின் ஜீப்பில்தான்.

இன்னொருவர் கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பைச் சேர்க்கச் சொல்கிறார், ஃப்ரடோனியாவிலிருந்து பக்கம்தான் என்று. 2025 ஜூலைத் தீயில் அங்கே இருந்த பழைய லாட்ஜ் எரிந்துபோனது. இந்த முறை விட்டுவிடுங்கள்.

மார்ச் 1

யெல்லோஸ்டோனை விடலாமா என்று நீங்கள் கேட்டதைச் சில நாளாக யோசித்தேன். பத்தாம் தேதி அதைப் பட்டியலில் வைக்கச் சொன்னது நான்தான். இப்போது தோன்றுவது: இரண்டு வாரம் மட்டும் என்றால் யூட்டாவோடு நிறுத்துங்கள். மூன்றாவது வாரம் கிடைத்தால் மட்டும் வடக்கே போங்கள். அவசரமாக அங்கே போனால் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் முன்னால் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பத்தான் நேரம் இருக்கும். அந்தப் பூங்காவுக்கு அது அநியாயம்.

நாங்கள் போனது ஜூனில். ஹெய்டன் பள்ளத்தாக்கில் காலையில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்துவிட்டது. சட்டப்படி 25 கஜம் தள்ளி இருக்க வேண்டும், ஆனால் அதுவாகவே வந்தால் நின்ற இடத்தில் நிற்பதைத் தவிர வழியில்லை. எஞ்சினை அணைத்தோம். ஒரு கிடா வலப்பக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில் நடந்து வந்தது. திமில் மனைவியின் ஜன்னல் கண்ணாடி உயரம். குளிர்கால ரோமம் கற்றை கற்றையாகப் பிய்ந்து விலாவில் தொங்கிக்கொண்டிருந்தது, அடியில் புதுத்தோல் கறுப்பாக. முதுகில் சின்னக் குருவி ஒன்று சவாரி. மூச்சு விடும்போது தொண்டையில் உறுமல், சாண வாடை, தரை லேசாக அதிர்வது. தானாகவே இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். முன்னால் கார்களில் இருந்தவர்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். மனைவி மெதுவாகப் பின்னால் போய் டிக்காஷனைச் சுடவைத்து இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். மோட்டார் ஹோம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான்.

செப்டம்பரில் ரோமம் உதிராது. பதிலுக்கு எல்க் மான்கள் கூவும் காலம் அது, மம்மத் பக்கம் விடியற்காலையில் கேட்கலாம். இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். தண்ணீர்க் குழாயைப் படுக்கும் முன் கழற்றி உள்ளே வையுங்கள். முழு இணைப்பு உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டத்தால் அங்கே கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும் இடம், கூடாரம் கிடையாது.

மார்ச் 3

“அவ்வளவு சின்ன இடத்தில் சண்டை வராதா?” வரும். ஒருவர் நடக்க வேண்டுமென்றால் மற்றவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான் இடம். அதைவிட, ஒருவரே ஓட்டி ஒருவரே சமைத்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் மனக்கசப்பு வந்துவிடும். நாங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலையை மாற்றிக்கொண்டோம். தொட்டி காலி செய்வது, ஓட்டுவது, சமைப்பது எல்லாமே.

இதில் நியாயம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது. மோவாபில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனது. பக்கத்தில் உறவு இல்லை, தெரிந்தவர் இல்லை. மனைவி கரண்ட் வயரைக் கழற்றி, வண்டியைச் சமன்செய்யும் கட்டைகளை எடுத்து, கேஸை மூடி, என்னைப் படுக்கவைத்துவிட்டு மருத்துவரிடம் ஓட்டிப்போனாள். அவளுக்கு எதுவும் புதிதில்லை, எல்லாம் முன்பே செய்த வேலை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். அவர் ஓட்டத் தெரிந்துகொள்வது உங்களுக்காகவும்தான்.

மார்ச் 8

உங்கள் மனைவி சம்மதித்தது சந்தோஷம். யூட்டா மட்டும் என்று முடிவெடுத்ததும் நல்லது. கேபிட்டல் ரீஃபில் மூன்று இரவு வையுங்கள். ஃப்ரூட்டா முகாம் 1880-களில் மார்மன் குடும்பங்கள் நட்ட தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. செப்டம்பரில் ஆப்பிள். திறந்துவிட்ட தோட்டத்தில் நீங்களே பறித்து, எடை போட்டு, காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான். சாயங்காலம் மான்கள் உதிர்ந்த பழம் தின்ன வரும். கரண்ட், தண்ணீர் இணைப்பு எதுவும் இல்லை, டோரியில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போங்கள்.

வாட்ச்மன் முன்பதிவு ஆறு மாதம் முன்னால் திறக்கிறது. உங்கள் செப்டம்பர் தேதிகள் இந்த வாரமும் அடுத்த வாரமும் ஒவ்வொன்றாக வரும். காலையில் திறந்த நிமிடமே போய்விடும், இருவரும் ஆளுக்கொரு கணினியில் உட்காருங்கள்.

வண்டியை வாங்கும் இடத்தில் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். டயர் ஓரத்தில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 1822 என்றால் 2022-ன் பதினெட்டாவது வாரம் செய்தது. உள்ளே இருக்கும் ஜோடிச் சக்கரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆனது இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். ஃப்ரிட்ஜ் கேஸில் எரிகிறதா, வெந்நீர் வருகிறதா, இரண்டு கழிவுத் தொட்டியும் காலியாக இருக்கிறதா, இவ்வளவும் அவர்கள் எதிரிலேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.